வக்கீல் கையில் நாம் கொடுக்கும் காகிதம்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



கார்பஸ் ஃபண்டை ஒப்படைக்காத பில்டர் மீது வழக்குப் போடுவதைப் பற்றிப் பேசுகிறோம். ‘பெரிய வக்கீலாகப் பிடித்தால் போதும்’ என்கிறார்கள் சிலர். அதனால் ஒரு பெரிய வக்கீலைப் பற்றியே சொல்கிறேன்.

அமெரிக்காவின் டேவிட் பாய்ஸ், கம்பெனி வழக்குகளில் பேர்போனவர். டிஸ்லெக்சியாவால் சிறுவயதில் வாசிக்கவே சிரமப்பட்டவர். 1998-ல் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கை அரசுக்காக நடத்தினார். பில் கேட்ஸிடம் வீடியோ கேமரா முன்னால் 3 நாள் வாக்குமூலம் வாங்கினார்கள். பல கேள்விகளுக்கு ‘ஞாபகமில்லை’ என்றார் கேட்ஸ். அவரே எழுதிய இ-மெயில்களை எடுத்து நீட்டினார் பாய்ஸ். அந்த வீடியோ கோர்ட்டில் ஓடியது. 2000-ல் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. கம்பெனியை இரண்டாகப் பிரிக்கும் உத்தரவை 2001-ல் மேல்கோர்ட் ரத்து செய்தது. ஆனால், ஏகபோகத்தைக் காப்பாற்றச் சட்டத்தை மீறினார்கள் என்ற முடிவு நின்றது.

நம்மிடம் என்ன இருக்கிறது? கார்பஸ் ஃபண்ட் கட்டிய ரசீது, ஒப்பந்தம், பில்டர் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் நகலெடுத்து, இந்த மாதக் கடைசிக்குள் செயலாளரிடம் கொடுங்கள். காகிதம் இல்லாவிட்டால், பாய்ஸே வந்தாலும் கையைத்தான் விரிப்பார்.