குடியை விடும் நாளில்



மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்களிலும் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். குடிப்பழக்கம் புகுந்த வீட்டில், அங்கும் பிற இடங்களிலும், வழக்கமாகக் கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: "மன உறுதி இருந்தால் இன்றே விட்டுவிடலாமே!" நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆயினும், நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவருக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம்.

2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின்போது கேரளத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டன. சில நாட்களுக்குள் நடுக்கமும் மனக்கலக்கமும் கண்டு மருத்துவமனைகளை நாடியோர் பலர். உயிரை மாய்த்துக் கொண்டோரும் உளர். மருத்துவர் சீட்டின்பேரில் மது வழங்கலாமென மார்ச் 30ஆம் நாள் அரசு ஆணையிட்டது. மது மருந்தாகாது என மருத்துவர் சங்கங்கள் மறுத்துரைத்தன. ஏப்ரல் 2ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இந்நோயின் இயல்பு யாது? மது மூளையின் விறுவிறுப்பை அடக்குவது. அதை ஈடுசெய்ய மூளை தன் விறுவிறுப்பைக் கூட்டிக்கொள்கிறது. தராசின் ஒரு தட்டிலுள்ள மதுவைத் திடீரென எடுத்துவிட்டால், மறுதட்டு தடாலெனத் தாழ்கிறது. சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். முதல் இரு நாட்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் சித்தக் குழப்பமும் உண்டாகி, இல்லாத உருவங்கள் தோன்றும். இது கோழைத்தனமன்று, பேய் பிடித்ததுமன்று, உடனே மருத்துவமனையில் கவனிக்க வேண்டிய நோய்.

மருத்துவர் டயாசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளடைவில் அளவைக் குறைத்து நிறுத்துவார். மூளையைக் காக்கத் தயமின் என்னும் வைட்டமினும் தரப்படும். இவற்றைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. நடுக்கம் தணிந்தபின் நெடுநாள் ஆலோசனையும் குடும்பத்தின் ஆதரவும் தேவை. அவையின்றேல் பழக்கம் எளிதில் திரும்பும்.

கேரளக் கலால் துறையின் விமுக்தி இயக்கம் இதற்கென மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை மையங்களைத் தொடங்கியது. பாலக்காட்டுக்கு அட்டப்பாடியில் கோட்டத்தறை, இடுக்கிக்குச் செறுதோணி. பிற மாநிலங்களில் மொழி தெரியாது தயங்குவோர், 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். வலிப்போ குழப்பமோ கண்டால் ஆலோசனைக்கும் காத்திராது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குடியை விடத் துணிந்தவரை வாழ்த்துவோம். ஆனால் அந்த முதல் நான்கு நாட்களில் அவரைத் தனியே விடாதிருப்போம்.