கணினியின் காய்ச்சல்

காய்ச்சல் கண்டவனுக்கு மருந்து கொடுக்குமுன் நோயின் மூலத்தை அறிவது வைத்தியர் வழக்கம். மேசைக் கணினிக்கும் அம்முறையே பொருந்தும். மையச் செயலிகள் பல, வெப்பநிலை 100 பாகை செல்சியஸை அண்மித்ததும், தம்மைக் காத்தற்பொருட்டுத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உரிமையாளரோ இயந்திரம் முதுமையடைந்தது எனக் கருதிப் புதியதற்குப் பணம் தேடுகிறார்.

செயலியின் வெப்பம் களிம்பு வழியாக உலோகத் தகடுகளுக்கும், அங்கிருந்து விசிறி தள்ளும் காற்றுக்கும் செல்கிறது. இவ்வழியில் தடை எங்கே? வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்துவைத்துக் கடும் வேலை கொடுத்தல் வேண்டும். சில விநாடிகளில் வெப்பநிலை உச்சத்துக்குத் தாவினால், களிம்பு உலர்ந்திருக்கலாம். அன்றேல் தகடு சரியாகப் பொருந்தாதிருக்கலாம். மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டமே ஐயத்துக்குரியது. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றியதும் வெப்பம் தணியுமாயின் அவ்வையம் உறுதியாகும்.

மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, தூசியை ஊதி அகற்றல் வேண்டும். பழைய களிம்பைத் துடைத்துப் பட்டாணியளவு புதியது இட்டாற் போதும். மிகுதி நன்மை தராது. முன்புறம் காற்று நுழையவும் பின்புறம் வெளியேறவும் இடம் இருத்தல் வேண்டும். இவ்வளவும் செய்த பின்னரே புதிய இயந்திரத்தைப் பற்றி எண்ணுதல் தகும்.