இரவிலும் இறங்காத அழுத்தம்

மாணவ மாணவியரே, மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் 150 என்று சொன்னால், நாள் முழுவதும் அதே அளவுதான் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஆண்டுக்கொருமுறை வரும் பள்ளி ஆய்வாளர் ஒரே பாடவேளையைக் கேட்டுவிட்டு ஆசிரியரை எடைபோடுவது போன்றதே இதுவும்!

ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1733-இல் வெளியிட்ட நூலில், ஒரு பெண்குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்திய செய்தியைக் கூறுகிறார். குழாயில் இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பியது. ஓரிடத்தில் நில்லாமல் துடிப்புதோறும் ஏறி இறங்கியது. நம் அழுத்தமும் அவ்வாறே மாறுகிறது. இக்காலத்தில் ஒரு சிறு கருவியை உடலில் அணிவித்து, இரவு பகலாக 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை அதனை அளக்கிறார்கள். பொதுவாக உறக்கத்தில் அழுத்தம் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு குறையும். மிகை அழுத்தமுடையோர் சிலருக்கு அப்படிக் குறைவதில்லை. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கேடு ஆகியவை நேரும் அபாயம் மிகுதி.

இங்கேதான் அழற்சி வருகிறது. காலில் முள் தைத்தால் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறதல்லவா? அதுவே அழற்சி. இரத்தக் குழாய்ச் சுவரில் அது வலியின்றி, நீறுபூத்த நெருப்பாய் நெடுநாள் இருக்கக்கூடும். அழற்சியின்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம், 1930-இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. இரவில் அழுத்தம் இறங்காதவர்களிடம் இப்புரதம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்படியானால் அழற்சிதான் காரணமா? அவசரப்படலாகாது. அழற்சியால் குழாய் விறைத்து, தளரும் திறனை இழக்கிறது. இரவெல்லாம் மோதும் அழுத்தமும் சுவரைப் புண்படுத்தி அழற்சியை வளர்க்கிறது. உடற்பருமனும், குறட்டையினிடையே மூச்சு நின்று நின்று வரும் நோயும் இரண்டையும் ஒருங்கே தூண்டக்கூடும். உங்கள் வீட்டுப் பெரியவர் அவ்வாறு மூச்சு முட்டி உறங்கினால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். உறங்குகிறவருக்கு அது தெரியாது.

மாத்திரையை இரவில் விழுங்கினால் தீர்ந்ததே என்பீர்கள். பிரிட்டனில் 21,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2022-இல் வெளியான ஆய்வில், காலையில் உட்கொண்டோருக்கும் மாலையில் உட்கொண்டோருக்கும் இடையே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.