டிஸ்கில் காணாமல் போன கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நம் கணக்காளர் பேசியது)



பஞ்ச சூத்திரத்தில் ஐந்தாவது கணக்குப் புத்தகம் எழுதுறது. எழுதிடுறோம். எழுதினதைக் காப்பாத்துறதுதான் நம்ம பக்கம் பெரும்பாடு. 2004-ல் சுனாமி, 2015-ல் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா டிரங்குப் பெட்டியில் இருக்கிற நோட்டும் சேர்ந்துதான் நனையும். அதனாலதான் தீர்மான நோட்டு, கடன் பதிவேடு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டு வைக்கிறோம். வலை வாங்கக் கடன் எடுத்து, நண்டு வித்த காசில் தவணை தவணையா அடைச்ச அக்காவுக்கு, "நான் கட்டிட்டேன்" என்பதற்கு சாட்சி அந்த உள்ளங்கை அகலப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.

அதைத் திறந்தா ஒண்ணுமே இல்லைன்னா வயிறு கலங்கும். ஆனா பல நேரம் ஃபைல் அழிஞ்சிருக்காது, மறைஞ்சுதான் இருக்கும். முதல்ல டிஸ்க் மேல ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்டீஸில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்குன்னு பாருங்க. இடம் நிரம்பியிருக்கு, ஃபோல்டர் மட்டும் காணோம்னா, 'வியூ' பகுதியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் பண்ணுங்க. மங்கலா எழும்பி வரலாம்.

பிரிண்ட் எடுக்கப் பல இடத்தில் மாட்டின பென்டிரைவ் மூலமா வர்ற ஒரு வைரஸ் இருக்கு. நம்ம ஃபோல்டரை ஒளிச்சு வச்சிட்டு, அதே பேரில் ஷார்ட்கட் ஒண்ணை முன்னால நிறுத்தும். ஐகானில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் திறக்காதீங்க. ஆன்டிவைரஸ் ஓட்டிட்டு, கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைகள்கிட்ட "அட்ரிப் கட்டளை போட்டு ஹிடனை எடுத்துவிடு" என்று சொன்னா போதும், புரிஞ்சுக்கும்.

டிஸ்கே தெரியலையா? வேற கேபிள், வேற போர்ட், வேற லேப்டாப்பில் மாட்டிப் பாருங்க. கேபிள் பழுதுக்கு டிஸ்கைக் குப்பையில் போட்டவங்களும் உண்டு! "ஃபார்மட் செய்யவா?" என்று திரையில் கேட்டா மட்டும் கேன்சல் அழுத்துங்க. யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கை தவறி அழிச்சிருந்தா, டிஸ்கை மாட்டி வச்சபடியே ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்க. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் அழிச்சது பெரும்பாலும் அங்கே கிடக்கும். பென்டிரைவில் அழிச்சது அங்கே வராது. அங்கேயும் இல்லைன்னா, அந்த நிமிஷத்திலிருந்து அந்த டிஸ்கில் எதையும் சேர்க்கக் கூடாது. காரணம் சொல்றேன். பதிவேட்டின் முதல் பக்கத்தில் யார் கணக்கு எந்தப் பக்கம்னு அட்டவணை எழுதுவோமில்ல? ஃபைலை அழிக்கும்போது கம்ப்யூட்டர் அந்த வரியை மட்டும்தான் அடிக்குது. உள்பக்கம் அப்படியே இருக்கு. நாம புதுசா ஒரு கல்யாண வீடியோவை ஏத்தினா, அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதிடும். அப்புறம் யாராலும் மீட்க முடியாது. 'ரெகுவா', 'போட்டோரெக்' என்று இலவச மென்பொருள்கள் இருக்கு. அவற்றை லேப்டாப்பில் போட்டு, மீட்டதை வேற டிஸ்கில் சேமிக்கணும். போட்டோரெக்கில் ஃபைல் பேரெல்லாம் போயிடும், ஒவ்வொண்ணா திறந்துதான் பேர் வைக்கணும். ரெண்டு மூணு நாள் வேலைதான், ஆனா பக்கம் கிடைக்க வாய்ப்பிருக்கு.

டிஸ்க் 'டக் டக்'னு சத்தம் போட்டா உடனே கழட்டிடுங்க. அது மென்பொருளால் தீராது. உப்புத் தண்ணியில் நனைஞ்ச டிஸ்கையும் காய வச்சு மாட்டிப் பார்க்க வேண்டாம். ரெண்டுமே டேட்டா மீட்கும் லேபுக்குத்தான் போகணும், செலவும் ஆயிரக்கணக்கில் ஆகும்.

அந்தச் செலவுக்கு இன்னொரு டிஸ்கே வாங்கிடலாம். அதனால நான் கேட்கிறது இதுதான்: ஒரு டிஸ்க் பொன்னேரியில் இருக்கட்டும், அதே நகலோட இன்னொண்ணு குப்பத்துப் பக்கம் மேடான இடத்தில் ஒரு வீட்டில் இருக்கட்டும். மாசக் கூட்டத்தன்னைக்கு ரெண்டையும் மாட்டி, நாலு ஃபைலைத் திறந்து பார்த்து, பார்த்ததைத் தீர்மான நோட்டில் எழுதிடலாம். ரெண்டாவது டிஸ்க் வாங்கும் தீர்மானம் இன்னிக்குப் பொதுக்குழுவில் வருது. கை தூக்குங்க அக்கா.

சாப்பாட்டுக்கு அப்புறம் உள் அறையில் லேப்டாப்போட இருப்பேன். உங்க குழு டிஸ்கை எடுத்துட்டு வாங்க.