பெயர் மட்டும் தெரிந்த ஊருக்கு

உத்தியோகத்தில் இருப்பவருக்கு இடமாற்றக் கட்டளை வந்தால், அந்த ஊரில் வீடு கிடைக்குமா, நல்ல தண்ணீர் உண்டா, பிள்ளைகளுக்குப் பாடசாலை அருகில் உள்ளதா, அவசரத்துக்கு உதவ உறவினர் ஒருவராவது இருக்கின்றாரா என்றெல்லாம் விசாரித்தறிவது வழக்கம். விசாரிப்பதற்கு ஒருவரும் இல்லாத ஊருக்கு, அங்கே பேசப்படும் மொழியில் ஒரு சொல்லும் அறியாமல், திரும்பி வரும் நாளும் குறிக்கப்படாமல் ஒருவர் புறப்பட நேர்ந்தால் அவர் மனநிலை எவ்வாறிருக்கும்? 1814ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், காலி நகரில் கூடியிருந்த மெதடிஸ்த போதகர் ஐவர் அத்தகைய பயணத்துக்கே ஆயத்தமாயினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ட் என்பவருக்குக் கிடைத்த ஊர் மட்டக்களப்பு.

மெதடிஸ்த சபையில் இவ்வாறு ஊர் ஊராக அனுப்பப்படுதல் புதுமையன்று. அச்சபையைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி, போதகர் ஒருவர் ஒரே இடத்தில் நெடுங்காலம் தங்குதல் ஆகாது என்று கருதினார். அவரே தம் வாழ்நாளிற் பெரும் பகுதியைக் குதிரையின் மேற் கழித்தவர். அவர் கடந்த தூரம் ஏறக்குறைய 250,000 மைல் எனக் கணக்கிடுவர். பல ஊர்களை ஒன்றாக இணைத்து ஒரு சேகரம் எனப் பெயரிட்டு, அச்சேகரத்தைச் சுற்றிச் சுற்றி வருமாறு போதகர்களை நியமித்தார். ஆண்டுதோறும் மகாநாடு கூடும். அங்கே போதகர் பெயரும் அவர் செல்ல வேண்டிய சேகரத்தின் பெயரும் வாசிக்கப்படும். வாசிக்கப்பட்ட பின் மறுப்பதற்கு இடமில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

இங்கிலாந்துக்குள் இத்தகைய இடமாற்றம் குதிரைப் பயணமாகவே முடிந்தது. அதனைக் கடல் கடந்த நாடுகளுக்கும் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் தோமஸ் கோக் என்னும் வேல்ஸ் நாட்டவர். அத்திலாந்திக் சமுத்திரத்தை அவர் 18 முறை கடந்தார் என்பர். முதுமையில் அவருடைய மனம் கீழைத்தேயத்தை நாடிற்று. சபையாரிடம் போதிய பணம் இல்லை என்று தயக்கம் எழுந்தபோது, தம் சொந்தப் பணத்தை முன்வைத்து 1813ஆம் ஆண்டு மகாநாட்டில் இலங்கைக்கான அனுமதியைப் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் அவரும் அவருடன் சேர்ந்தோரும் இரு கப்பல்களில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டனர். வில்லியம் ஓல்ட், ஜேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ், ஜோர்ஜ் ஏர்ஸ்கின், பெஞ்சமின் கிளவ், வில்லியம் மார்ட்டின் ஹார்வாட் என்போர் அவருடன் வந்த அறுவர். பெரும்பாலும் இளைஞர், கிளவுக்கு அப்போது வயது இருபத்து மூன்றைத் தாண்டவில்லை. ஓல்டும் ஹார்வாட்டும் மனைவியருடன் வந்தனர்.

அந்தக் கடற்பயணம் ஏறக்குறைய ஐந்து மாதம் நீடித்தது. அதன் நடுவே, 1814 பெப்ரவரியில், ஓல்டின் மனைவியார் நோயுற்று இறந்தார். நிலம் கண்ணுக்கெட்டாத இடத்தில் அவருடைய உடல் கடலுக்குக் கொடுக்கப்பட்டது. மே மாதம் 3ஆம் நாட் காலை, கோக்கை எழுப்புவதற்காக அவருடைய அறைக்கதவைத் தட்டிய பணியாளர் பதில் பெறவில்லை. உள்ளே சென்று பார்த்தபோது அந்த முதியவர் உயிரற்றுக் கிடந்தார். அன்றே அவரும் இந்து சமுத்திரத்தில் அடக்கமானார்.

அவருடைய மரணம் இளம் போதகர்களை இரு வகையில் அநாதரவாக்கிற்று. வழிகாட்டி இல்லாது போயினார் என்பது ஒன்று. பயணச் செலவுக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உரிய பண ஏற்பாடுகள் யாவும் அவர் பெயரிலேயே இருந்தமை மற்றொன்று. பம்பாயிற் கரையிறங்கியபோது அவர்கள் கையில் ஊக்கம் இருந்ததேயன்றி உரிய பத்திரம் இல்லை. அந்நகரத்து வணிகர் ஒருவர் அவர்களை நம்பிப் பணம் கொடுத்து உதவியிராவிடில், இலங்கைப் பயணம் அங்கேயே தடைப்பட்டிருக்கும். ஹார்வாட் தம் மனைவியாரின் உடல்நிலை கருதிப் பம்பாயிலே தங்கினார். ஏனைய ஐவரும் ஜூன் 29ஆம் நாள் காலியிற் கரையேறினர்.

இனி யார் எங்கே செல்வது என்னும் வினா எழுந்தது. அதைத் தீர்த்துவைக்கக் கோக் இல்லை. இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிப் பதில் பெறுவதாயின் ஓராண்டு கழிந்துவிடும். ஆகவே ஐவரும் தாமே ஒரு சிறு மகாநாடாகக் கூடினர். அரசாங்க அதிகாரிகள் அவர்களை அன்புடன் வரவேற்று, கரையோரத்திலுள்ள முக்கிய நகரங்களில் ஆங்கிலப் பாடசாலை நடத்துவதாயின் உதவிப்பணம் தருவதாகவும் கூறியிருந்தனர். அந்த யோசனையைத் தழுவி, தமிழ் வழங்கும் இரண்டு நகரங்களையும் சிங்களம் வழங்கும் இரண்டு நகரங்களையும் தெரிந்தெடுத்தனர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி, மாத்தறை என்பன அவை.

ஐந்து பேர், நான்கு ஊர். இந்தக் கணக்கில் ஒரே ஓர் ஊருக்குத்தான் இருவர் செல்ல இயலும். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு என முடிவாயிற்று. காலியில் கிளவும் மாத்தறையில் ஏர்ஸ்கினும் தனித்திருந்தனராயினும், அவ்விரு நகரங்களும் ஒன்றுக்கொன்று அண்மையானவை. யாழ்ப்பாணத்துக்குச் சென்றோருக்கோ, தஞ்சையிலிருந்து வந்து அங்கே ஊழியஞ்செய்த கிறிஸ்தியன் டேவிட் என்னும் தமிழ்ப் போதகரின் துணை காத்திருந்தது. ஓல்ட் ஒருவரே தோழர் அனைவருக்கும் தொலைவில், கீழ்க்கரைக்குத் தனியே செல்ல வேண்டியவரானார். மனைவியைக் கடலிற் பறிகொடுத்து ஆறு மாதம் ஆகுமுன், மீண்டும் அதே கடலின் மேல் அவர் புறப்பட்டார்.

அக்காலத்தில் கண்டி இராச்சியம் தன்னாட்சியுடன் விளங்கிற்று. ஆங்கிலேயர் ஆட்சி கரையோரத்தளவில் நின்றது. உள்நாட்டினூடே செல்லும் பெருவழி இல்லாமையால் மட்டக்களப்புக்குப் போவோர் தோணி ஏறிக் கரையோரமாகச் செல்வதே எளிதாயிருந்தது. சிறு தோணியில் வெயிலும் உப்புக்காற்றும் ஒருங்கே தாக்க, எதிர்பார்த்ததிலும் கூடுதலான நாட்களைக் கடலிற் கழித்தே ஓல்ட் ஊர் சேர்ந்தார்.

அவர் வந்து சேர்ந்தது கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து வறண்டு வீசும் அந்தக் காற்று பயிரையும் உடலையும் ஒருசேர வாட்டுவதை மட்டக்களப்பார் நன்கறிவர். கச்சான் ஓய்ந்தால் மாரி தொடங்கும், வாவி பெருகும், தாழ்ந்த வெளிகள் எல்லாம் நீர்க்காடாகும். குளிர்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் தாங்குதல் எளிதன்று.

புளியந்தீவிற் பழைய கோட்டை இருந்தது. ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அக்கோட்டையில், இப்போது ஆங்கிலப் படையினர் சிலர் தங்கியிருந்தனர். அவர்களுக்கு ஆங்கிலத்தில் வழிபாடு நடத்துவது ஓல்டுக்கு இலகுவான பணி. கோட்டைக்கு வெளியிலே கால்வைத்தவுடன் அவர் ஊமையானார். சைவரும் இஸ்லாமியரும் தமிழ் பேசினர். பறங்கியர் போர்த்துக்கேய மொழியைப் பேசினர். மட்டக்களப்பிலே அவர்தம் சந்ததியாருள் அம்மொழியைப் பேணுவோர் இன்றும் உளர். போதிப்பதற்கென்று வந்தவர் முதலில் மாணாக்கராக அமர வேண்டியதாயிற்று. தாம் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாயிலாகக் கூறுவதும், மீதி நேரத்தில் தமிழெழுத்தைப் பயில்வதுமாக நாட்கள் சென்றன. தாய்மொழியில் நாவன்மை உடைய ஒருவர் அயல்மொழியிற் குழந்தையைப் போலத் தட்டுத்தடுமாறுதல், ஊழியத்துக்கு வந்தோர் யாவரும் பட்ட முதற் சோதனையாகும். அதைப் பொறுக்கமாட்டாதவர் தம் மொழியினரோடு மாத்திரம் பழகி நின்றுவிடுவர்.

ஓல்ட் அவ்வாறு நின்றுவிடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் பாடசாலை தொடங்கினார். இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிய தந்தை விரும்பியது ஆங்கில எழுத்தறிவு. அதன் வழியாக வரும் உத்தியோகம். பாடசாலையை நடத்திய போதகர் விரும்பியது அப்பிள்ளை தம் சமயத்தைத் தழுவுதல். ஒருவர் நோக்கம் மற்றவர்க்குத் தெரியாததன்று. தந்தையோ பிள்ளையைப் பாடசாலைக்கும் அனுப்பினார், கோயிலுக்கும் அழைத்துச் சென்றார். போதகரும் அதனை அறிந்தே அவனுக்கு எழுத்தைக் கற்பித்தார். வெளிப்படையாகப் பேசப்படாத இவ்வுடன்படிக்கையின் மேலேதான் இந்நாட்டுப் பழைய பாடசாலைகள் பல எழுந்தன.

புதிய ஊரில் ஓராண்டேனும் நிலைத்திருக்க ஓல்டுக்கு விதியில்லை. உடல் நலிந்தது. அருகே தோழர் ஒருவருமில்லை. தோணி வழியே செய்தி போய் ஆள் வருமுன் எதுவும் நடந்துவிடலாம். 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி இலங்கை முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்தப் பெருமாற்றம் நிகழ்ந்து ஒரு மாதம் கழியுமுன், ஏப்ரல் 1ஆம் நாள், ஓல்ட் மட்டக்களப்பிலே உயிர் நீத்தார். அவர் அவ்வூரில் வாழ்ந்தது எட்டு மாதமளவே.

எட்டு மாதத்தில் ஒரு மனிதர் என்ன செய்துவிட இயலும்? கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு இது ஒரு நட்டக் கணக்காகவே தோன்றும். மொழியை முழுதாகக் கற்று முடிக்கவில்லை. மதம் மாறியோரின் நீண்ட பட்டியல் எதுவும் இல்லை. அவருடன் வந்த கிளவோ நெடுங்காலம் வாழ்ந்து சிங்கள அகராதி தொகுத்துப் பெயர் நிறுத்தினார். லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் இட்ட வித்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. ஓல்டுக்கு வாய்த்தது தொடக்கம் ஒன்றே.

ஆயினும் அந்தத் தொடக்கம் வீணாகவில்லை. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஆம் ஆண்டையே தன் தொடக்க ஆண்டாகவும் ஓல்டையே தன் தாபகராகவும் கொண்டாடுகின்றது. மட்டக்களப்பு நகரில் அவருக்குச் சிலையும் உண்டு. எட்டு மாதம் தங்கிய பிறநாட்டார் ஒருவரை ஓர் ஊர் இருநூறு ஆண்டுக்கு மேலாக நினைவில் வைத்திருப்பது அவர் சமயத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டதனால் அன்று. அவ்வூரின் பெரும்பாலோர் தத்தம் சமயத்திலேயே நிலைத்து நின்றனர். பிள்ளைகளின் கையிற் புத்தகத்தைக் கொடுத்த செயலையே அவர்கள் நினைவில் வைத்தனர்.

கொடுத்தவர் எண்ணாத வழியிலும் கல்வி பயன்படும் என்பதற்குச் சான்றுகள் பல. யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையிற் பயின்று, அங்கேயே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிற் பெருந்துணை புரிந்தவர் ஆறுமுக நாவலர். அவரே 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். போதகர்கள் கையாண்ட பிரசங்கமும் அச்சும் பாடசாலையும் அவர் கையிற் சைவத்துக்கு அரணாயின. கீழ்க்கரையிலோ, காரைதீவிற் பிறந்து கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் இளமைக் கல்வி பெற்ற ஒருவர், பின்னர்த் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். அவரும் ஊர் ஊராகச் சென்று இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணினார். கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். அவர்தம் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. வாவியின் ஒரு கரையில் ஓல்டின் கல்லூரியும் மறுகரையில் விபுலாநந்தரின் வித்தியாலயமும் நிற்பதை, கல்லடிப் பாலத்தைக் கடப்போர் எண்ணிப் பார்க்கலாம்.

இலங்கை மெதடிஸ்த சபை 1964ஆம் ஆண்டு தன்னாட்சி பெற்றது. அதன் போதகர்கள் இன்றும் ஒரு சேகரத்தில் நிலையாகத் தங்குவதில்லை. காலந்தோறும் இடம் மாற்றப்படுகின்றனர். ஏனைய சமயங்களிலும் இத்தகையோர் உளர். புதிய விகாரைக்கு அனுப்பப்படும் இளம் பிக்குவும், புதிய மடத்துக்கு அனுப்பப்படும் பிரமசாரியும், புதிய பங்குக்குச் செல்லும் குருவானவரும் அதே நிலையினரே. போக்குவரத்து எளிதாயிற்று; தோணிப் பயணம் மறைந்தது. ஆனால் முன்பின் தெரியாத வாசலில் முதல் மாலையில் பெட்டியை இறக்கி வைக்கும்போது உண்டாகும் தனிமை மறையவில்லை. அந்நேரத்தில் அயல்வீட்டார் ஒருவர் வந்து, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்பாராயின் அந்த ஊர் பாதி சொந்த ஊராகிவிடும்.

ஓல்ட் அந்தக் கேள்வியைத் தமிழிற் கேட்டு விளங்கிக்கொள்ளும் அளவுக்கேனும் மொழியைக் கற்றிருந்தாரா என்பதை ஏடுகளிற் காண இயலாது. ஆனால் அவர் திறந்த பாடசாலைக்கு மட்டக்களப்பார் தம் பிள்ளைகளை அனுப்பினர். பெயர் மட்டும் தெரிந்த ஊருக்கு வந்த ஒருவருக்கு அந்த ஊர் அளித்த வரவேற்பு அதுவே.