புத்தகத்திலிருந்து புறப்பட்ட படங்கள்



நாவலைப் படமாக்கினால், படித்தவர்கள் தியேட்டர் வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: “புத்தகத்தைக் கெடுத்துட்டாங்க.” பல படங்களுக்கு அந்தத் தீர்ப்பு சரிதான். ஆனால் கதையை அப்படியே எடுத்திருந்தால் மட்டும் படம் நன்றாக வந்திருக்குமா? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இயக்குநர் மகேந்திரன் நினைவுக்கு வருகிறார்.

‘தங்கப்பதக்கம்’ படத்தின் கதை வசனம் அவருடையது. வசனத்துக்குக் கைதட்டல் வாங்கிய அந்த மனிதருக்கு, பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருக்கும் சினிமா பிடிக்கவில்லை. 1978-இல் அவர் முதன்முதலாக இயக்கிய ‘முள்ளும் மலரும்’, உமாசந்திரன் கல்கி இதழில் எழுதிய தொடர்கதையிலிருந்து பிறந்தது. உமாசந்திரன் நம் வானொலிக்காரர் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். மகேந்திரன் அந்த நாவலிலிருந்து அண்ணன், தங்கை, அண்ணனின் ரோஷம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, திரைக்கதையைத் தன் போக்கில் எழுதினார். எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர், வசனமே இல்லையே என்று தலையில் கைவைத்துக்கொண்டாராம். பிற்பாடு படம் பெற்ற வெற்றி ஊரறிந்த கதை.

அடுத்த ஆண்டு ‘உதிரிப்பூக்கள்’ வந்தது. மூலம், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்ற குறுநாவல். தாயில்லாக் குழந்தைகள், வீட்டுக்கு வரும் இரண்டாம் தாரம். தலைப்பே சொல்வதுபோல அங்கே நம் கண் சித்தியின் மேல் இருக்கும். மகேந்திரனோ தகப்பனைப் பிடித்துக்கொண்டார். ஊருக்குப் பெரிய மனிதன், வீட்டுக்குள் கொடியவன். அவன் கத்துவதில்லை, மீசையை முறுக்குவதில்லை. சிரித்துக்கொண்டே காயப்படுத்துகிறான். கடைசியில் ஊரே ஆற்றங்கரையில் கூடி நிற்க, அவன் தண்ணீருக்குள் இறங்குகிறான். கரையில் இரண்டு குழந்தைகள் மிச்சம். இந்த முடிவு புதுமைப்பித்தனில் கிடையாது. ஆனால் பெரியவர்கள் செய்யும் காரியத்துக்குச் சின்னஞ்சிறுசுகள் அனுபவிப்பது என்கிற அந்த வலி, அது அவரிடமிருந்து வந்ததுதான்.

எழுத்தாளரே கூட இருந்து எடுத்த படமும் நம்மிடம் உண்டு. ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதைக்கு வந்த எதிர்ப்பையே விதையாக்கி, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார் ஜெயகாந்தன். அது 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் படமானபோது திரைக்கதையும் அவரே எழுதினார். அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. நல்ல படம்தான். இருந்தாலும் அதில் நான் கேட்பது பெரும்பாலும் ஜெயகாந்தனின் குரலை. ‘உதிரிப்பூக்க’ளிலோ கதையைக் கண்ணால் பார்க்கிறேன். என் ஓட்டு அதற்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கதை அவ்வளவு தூரம் விலகிப்போன பிறகும், புதுமைப்பித்தன் பெயரைப் படத்தில் போட்டார் மகேந்திரன். புதுமைப்பித்தன் மறைந்து அப்போது 31 ஆண்டுகள். போடாவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முழுக் கதையையும் எடுத்துக்கொண்டு, எழுதியவர் பெயரை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் ‘சிற்றன்னை’யைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். படத்தைப் பார்த்தவர்கள் இந்த வாரம் அதைப் படித்துப் பாருங்கள்.