மிகையிற் பிறந்த சுவை

1944 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 25 ஆந் தேதி, நியூ யோர்க் நகரத்துக் கார்னகி மண்டபத்திலே புளோரன்ஸ் பொஸ்ரர் ஜென்கின்ஸ் என்னுஞ் செல்வச் சீமாட்டியார் பாடினார். வயது எழுபத்தாறு. சுருதியும் தாளமும் அவருக்கு என்றுமே வசப்பட்டதில்லை. அவர் பாடிய இசைத்தட்டுக்கள் இன்றும் உள. மோட்சாற்றின் அரிய பாடலொன்று அவர் குரலிற் படும் பாட்டை அவற்றிலே கேட்கலாம். தேவதையின் சிறகுகளைத் தோளிற் பூட்டிக்கொண்டு மேடையேறியதும் உண்டு. ஆயினும் அன்றைய அநுமதிச் சீட்டுக்கள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன.

வந்தவர்கள் நகைத்தார்கள் என்பது மெய்யே. ஆனால் வெறும் இகழ்ச்சியாயின் ஒருமுறை கேட்டதோடு அடங்கியிருக்கும். அம்மையார் விளையாட்டுக்காகப் பிழைபடப் பாடியிருப்பின் எவரும் அவரை நினைந்திரார். முழு மனத்தோடும் உயர்ந்ததொன்றை நாடி, அதனை எட்டாது போன அந்தத் துணிவிலே ஓர் இன்பம் இருந்தது. இத்தகைய இன்பத்தை ஆங்கிலத்திலே ‘காம்ப்’ என்பர். சொல்லின் ஒலி படைவீரர் பாசறையை நினைவூட்டும். பொருளோ முற்றிலும் வேறு.

கிறிஸ்ரோபர் இஷர்வூட் 1954 இல் வெளியிட்ட நாவலொன்றிலே இதனை உயர்ந்தது, தாழ்ந்தது என இருவகைப்படுத்தினார். பத்தாண்டுகளின் பின், 1964 இல், சூசன் சொன்ராக் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஐம்பத்தெட்டுக் குறிப்புக்களாக ஒரு கட்டுரை வரைந்தார். இயற்கையினின்றும் விலகிய செயற்கையையும் மிகையையும் விரும்புவதே இச்சுவையின் இயல்பு என்பது அவர் கருத்து. பாரிஸ் நகரத்துச் சுரங்க ரயில் வாயில்களை அவர் எடுத்துக்காட்டினார். எக்ரர் கிமார் 1900 ஆம் ஆண்டளவில் வார்ப்பிரும்பினால் அமைத்தவை அவை. இரும்பு அங்கே தண்டாய் நீண்டு வளையும். விளக்கு மொட்டுப்போலத் தலைகவிழும். ரயிலுக்கு இறங்குபவனுக்கு இத்துணை ஆரவாரம் எதற்கு? அவ்வினாவுக்கு விடை இன்மையே அவற்றின் அழகு. பிற்காலத்திலே பல இடித்தகற்றப்பட்டன. எஞ்சியவை 1978 இல் வரலாற்றுச் சின்னங்களாகக் காப்புப் பெற்றன.

சொன்ராக் தமது குறிப்புக்களை ஒஸ்கார் வைல்டுக்கு உரித்தாக்கினார். அது பொருத்தமே. ஆண்கள் தம்முட் கொள்ளும் காதலைக் குற்றமாகக் கருதிய சட்டத்தின்படி, 1895 இல் இரண்டாண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றவர் வைல்ட். இங்கிலாந்திலே அச்சட்டம் 1967 வரை தளரவில்லை. அவ்வச்சத்தின் நடுவே வாழ்ந்தோர்க்கு மிகையான நடையும், இரட்டுறு பேச்சும், நாடகப் பாங்கும் ஒருவரையொருவர் அறியும் குறிகளாய் உதவின. ஊராரின் நகைப்பைத் தாமே முந்திக்கொள்வது ஒரு காப்பு. இதனை நோக்குமிடத்து, இச்சுவை அரசியலோடு தொடர்பற்றது எனச் சொன்ராக் கூறியது ஏற்கத்தக்கதன்று. பின்வந்த திறனாய்வாளர் பலரும் அவ்விடத்திலேதான் அவரை மறுத்தனர்.

2019 இல் நியூ யோர்க்கின் மெற்றொபொலிற்றன் அரும்பொருட்சாலை, அக்கட்டுரையை ஆதாரமாகக் கொண்டு ஆடைக் கண்காட்சியொன்றை நடத்தியது. வேண்டுமென்றே மிகைப்படுத்திய விலையுயர்ந்த உடைகள் அங்கே நிறைந்திருந்தன. தன்னை அறியாது மலரும் வகையையே சொன்ராக் தூயதெனப் போற்றியிருந்தார். அவ்வகையை அளவு கொடுத்துத் தைப்பித்தல் எந்தத் தையற்காரராலும் இயலாத காரியம்.